காலி ஆகாத டைரக்டரி: கோத்தகிரி பக்கத் தேயிலைத் தொழிற்சாலையில் விடுபட்ட ஒரு மாலை நேர எடைக் கணக்கு

நிகழ்வு ஆய்வு

பின்னணி

கோத்தகிரி வட்டாரத்தில் உள்ள ஒரு பசுந்தேயிலைத் தொழிற்சாலையில் நடந்தது இது. அங்கே சர்வர் பராமரிப்புக்குப் போய்வரும் சிறு குழுவில் இருப்பதால் முதலிலிருந்து முடிவுவரை பார்க்க வாய்த்தது. தொழிற்சாலையின் பெயரும் ஆட்களின் பெயரும் இங்கே வேண்டாம். வந்த கணக்கை இரவில் தானாக ஏற்றிவிட்டு அழிக்கும் இதே மாதிரி ஸ்கிரிப்ட் (சிறு நிரல்) ஓடும் அலுவலகங்கள் இந்த மலையில் இன்னும் இருக்கும் என்பதால்தான் எழுதி வைக்கிறேன்.

சிறு விவசாயிகள் பறித்த இலையைத் தொழிற்சாலைக்கு நேரே கொண்டுவருவதில்லை. ஊருக்கு ஊர் சேகரிப்பு மையம் உண்டு. தகரக் கூரை, ஒரு மின்னணுத் தராசு, ஓர் எடை எழுத்தர், அவ்வளவுதான். பகலில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை லாரி வந்து மூட்டைகளை ஏற்றிப் போகும். பறித்த இலை அன்றைக்கே வாட்டும் தொட்டிக்குப் போயாக வேண்டும். மூட்டையிலேயே கிடந்தால் சூடேறிச் சிவந்து கெட்டுவிடும். அதனால் இலை எதற்கும் காத்திருக்காது. கணக்குதான் பின்னால் வந்து சேரும்.

அந்தக் கணக்கு வரும் வழி இது. ஒவ்வொரு மையத்திலும் தராசோடு ஓர் ஆண்ட்ராய்டு போன். விவசாயியின் உறுப்பினர் எண், மொத்த எடை, சாக்குக்கும் ஈரத்துக்கும் கழித்தது, நிகர எடை எல்லாம் அதில் பதிவாகும். கையடக்க பிரின்டரில் ஒரு சீட்டு வரும். லாரி கிளம்பியதும் அந்த நடையின் பதிவுகளும் தராசுத் திரையின் படங்களும் சேர்ந்து ஒரே ஜிப் கோப்பாகும். சிக்னல் கிடைக்கும்போது எஸ்எஃப்டிபி என்ற கோப்பு அனுப்பும் முறை வழியாகத் தொழிற்சாலை சர்வருக்குப் போகும். லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் சர்வர். அதில் 'வரவு' என்று ஒரு டைரக்டரி (ஃபோல்டர்), அதற்குள் தேதிக்கு ஒன்று, அதற்குள் மையத்துக்கு ஒன்று.

இரவு 11 மணிக்கு ஒரு ஸ்கிரிப்ட் தானாக ஓடும். அன்றைய தேதியின் டைரக்டரியில் இருப்பதை டேட்டாபேஸில் ஏற்றும். பிறகு எல்லாவற்றையும் ஒரு டார் கோப்பாகக் கட்டி யுஎஸ்பி டிஸ்கில் வைக்கும். கடைசி வரியில் 'ஆர்எம் -ஆர்எஃப்' என்ற கட்டளை கொடுத்து அந்தத் தேதியின் டைரக்டரியை அடியோடு அழிக்கும். சில ஆண்டுகளுக்கு முன் வேறொருவர் எழுதிக் கொடுத்தது. எல்லா அதிகாரமும் உள்ள ரூட் கணக்கில் ஓடியது. அது சொல்லும் செய்திகள் எல்லாம், போட்டதை விழுங்கிவிடும் டெவ்நல்லுக்குத் திருப்பி விடப்பட்டிருந்தன.

டைரக்டரியை ஏன் அழிக்க வேண்டும் என்றால், அழியாமல் நிற்கும் தேதிகள்தான் கணக்குப் பிரிவின் திரையில் 'பாக்கி' என்று சிவப்பில் தெரியும். நள்ளிரவு தாண்டி ஒரு மையத்தின் கோப்பு வந்தால் போன் செயலி அந்தத் தேதியின் டைரக்டரியை மறுபடி உருவாக்கி அதில் வைக்கும். காலையில் எழுத்தர் சிவப்பைப் பார்த்துக் கையால் ஸ்கிரிப்டை ஓட்டுவார். முன்னால் வந்தாலும் சரி, பின்னால் வந்தாலும் சரி, கணக்கு சேர்ந்துவிடும். இத்தனை காலம் குறை இல்லாமல் ஓடியதற்கு இதுதான் காரணம்.

மாதக் கடைசியில் வந்த புகார்

வடகிழக்குப் பருவமழை வலுத்திருந்த ஒரு நவம்பர். கோத்தகிரி, குன்னூர் பக்கம் தென்மேற்கைவிட இந்த மழைதான் அதிகம் படுத்தும். மரம் சாயும், மின்சாரம் போகும், பின்னாலேயே டவரும் போகும். மாதக் கடைசியில் இலைப் பணம் கணக்கிடும்போது கீழ்கோத்தகிரி பக்க மையம் ஒன்றிலிருந்து ஒரு விவசாயி அம்மா அலுவலகத்துக்கு வந்தார். ஒரு நாள் மாலைப் போட்ட இலை பாஸ்புக்கில் ஏறவில்லை.

“அக்கா, சிஸ்டத்துல வராத எடையை நான் எப்படிப் போடறது?” என்றார் எழுத்தர்.

“தம்பி, மழையில நனைஞ்சுகிட்டு லாரியில ஏத்துனது நான்தான். இந்தா, சீட்டைப் பாரு” என்று சுருக்குப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

வெப்பத்தில் அச்சாகும் காகிதம் அது. மடிப்பு விழுந்த இடத்தில் எழுத்தே இல்லை, மற்ற இடமெல்லாம் சாம்பல் பூத்திருந்தது. தேதியும் நிகர எடையும் மட்டும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் தெரிந்தன. அந்த வாரத்துக்குள் அதே மையம், அதே மாலை என்று இன்னும் பலர் வந்தார்கள். மொத்தம் 14 பேரின் இலை விடுபட்டிருந்தது.

நாங்கள் போய்ச் சேரும் முன்பே ஒரு தவறு நடந்துவிட்டிருந்தது. மையத்தின் எடை எழுத்தர்தான் கோப்பை அனுப்பாமல் விட்டார், அல்லது வேண்டுமென்றே அழித்தார் என்று முடிவு கட்டி, அவரை வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இருபது சொச்ச வயதுப் பையன். “நான் அனுப்பினேன் சார், டிக் விழுந்ததைப் பார்த்துட்டுத்தான் போனை வச்சேன்” என்பதைத் திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் சொன்னது முழுக்க உண்மை.

கவனித்தவை

போனில் அந்த நடைக்கு எதிரே 'அனுப்பப்பட்டது' என்ற டிக் இருந்தது. கோப்பு மட்டும் இல்லை. சர்வர் வாங்கிக்கொண்டது என்று தெரிந்த உடனே செயலி தன் பிரதியை அழித்துவிடும். டேட்டாபேஸில் அந்த நடை இல்லை. டார் கோப்பைப் பிரித்துப் பார்த்தோம். அந்த மையத்தின் டைரக்டரி இருந்தது, அதற்குள் பகல் நடையின் கோப்பு மட்டும் இருந்தது. ஆனால் லாரியின் நடைச் சீட்டில் மாலை நடையின் எடை தொழிற்சாலை வாசலில் பதிவாகியிருந்தது. இலை வந்திருக்கிறது, அரைத்துத் தூளாகியும்விட்டது. கணக்கு மட்டும் இல்லை.

சர்வரின் பதிவேடுதான் கைகொடுத்தது. எஸ்எஃப்டிபி வழியாக எந்தக் கோப்பு எப்போது திறந்தது, எப்போது மூடியது என்று எழுதும் வசதி அதில் ஓடிக்கொண்டிருந்தது. பதிவேடு வாரத்துக்கு ஒரு முறை சுழன்று நான்கு வாரத்துக்கு முந்தையது அழியும் ஏற்பாடு. இன்னும் சில நாள் தள்ளிப் பார்த்திருந்தால் அந்த வரிகளும் கிடைத்திருக்காது. மற்ற நேரங்களை ஒட்டி வைத்தபோது அந்த இரவு இப்படித் தெரிந்தது. 11.00க்கு ஸ்கிரிப்ட் தொடங்கியது. 11.03க்கு டேட்டாபேஸில் கடைசி வரி ஏறியது. 11.04க்கு அந்த மையத்தின் போன் ஒரு கோப்பைத் திறந்தது, மின்சாரம் திரும்பி டவர் உயிர் பெற்ற நேரம் அது. 11.07க்குக் கோப்பு முழுதாக வந்து மூடியது. 11.09க்கு டார் எழுதி முடிந்தது. படங்கள் நிறைய, யுஎஸ்பி டிஸ்கும் பழையது என்பதால் டாருக்கு அத்தனை நிமிடம். கோப்பு வந்து சேர்ந்தபோது டார் அந்த மையத்தின் டைரக்டரியைக் கடந்து அடுத்ததற்குப் போயிருந்தது. டார் முடிந்ததும் 'ஆர்எம் -ஆர்எஃப்'. அது உள்ளே இருந்த எல்லாவற்றையும் அழித்தது. படிக்காத கோப்பையும் சேர்த்து.

இரவில் அந்தச் சில நிமிட இடைவெளி. ஆண்டு முழுக்க அதில் யாரும் சிக்காமல் போகலாம். மழைக்காலத்தில், மின்சாரம் எந்த நேரத்திலும் திரும்பும் மலையில், என்றாவது ஒரு நாள் சிக்குவது உறுதி.

ஒரு சோதனை சர்வரில் இதையே செய்து பார்த்தோம். டார் ஓடும்போது ஒரு கோப்பை உள்ளே போட்டோம். ஸ்கிரிப்ட் முடிந்தபோது கோப்பு இல்லை, பிழைச் செய்தியும் இல்லை. கர்னலிடம், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியிடம், ஸ்கிரிப்ட் என்னென்ன கேட்கிறது என்று எஸ்ட்ரேஸ் என்ற கருவியை வைத்துப் பார்த்தபோது படம் தெளிவானது.

டைரக்டரியை நீக்கும் சிஸ்டம் கால் செய்வது

லினக்ஸ் உட்பட யுனிக்ஸ் வழி வந்த இன்றைய அமைப்புகளில் பெரும்பாலும் டைரக்டரியை நீக்க ஆர்எம்டிர் என்று ஒரு சிஸ்டம் கால், அதாவது நிரல் கர்னலிடம் வேலை கேட்கும் அழைப்பு, இருக்கிறது. 64 பிட் இன்டெல் வகை லினக்ஸில் அதன் எண் 84. ஒரே ஒரு பாதையை வாங்கிக்கொள்ளும். அந்த டைரக்டரி காலியாக இருந்தால் மட்டும் நீக்கி 0 கொடுக்கும். தன்னையும் மேல் டைரக்டரியையும் குறிக்கும் ஒற்றைப் புள்ளி, இரட்டைப் புள்ளி என்ற இரண்டு உள்பெயர்களைத் தவிர வேறு எது இருந்தாலும் -1 கொடுத்து, 'ஈநாட்எம்ப்டி' என்ற பிழையைக் குறித்துவிடும். லினக்ஸில் அது பிழை எண் 39. ரூட் கேட்டாலும் இதே பதில்தான். கட்டாயப்படுத்தி நீக்கச் சொல்லும் வழி இந்த அழைப்பில் கிடையாது.

'ஆர்எம் -ஆர்எஃப்' என்பது வேறு. அது ஒரு நிரல். டைரக்டரியைத் திறந்து உள்ளே இருக்கும் பெயர்களைப் படித்து, ஒவ்வொன்றாக அழித்து, எல்லாம் போன பிறகு கடைசியில் கர்னலிடம் 'இந்த டைரக்டரியை நீக்கு' என்று கேட்கிறது. இன்றைய லினக்ஸில் அந்தக் கடைசிப் படி 'அன்லிங்க்அட்' என்ற அழைப்பாக, 'டைரக்டரியை நீக்கு' என்ற குறியோடு போகும். விதிகள் ஆர்எம்டிருக்கு உள்ளவையேதான். ஆக, காலி இல்லை என்று மறுக்கக்கூடிய ஒரே இடம் அந்தக் கடைசிப் படி. மேலே இருக்கும் நிரல் மறுப்புக்கு இடமே இல்லாமல் முன்கூட்டியே எல்லாவற்றையும் துடைத்துவிட்டுத்தான் அங்கே போகிறது.

எங்கள் ஆலோசனையில் அதிக நேரம் எடுத்துக்கொண்டது இன்னொரு விஷயம். “அழிக்கும் முன் காலியாக இருக்கிறதா என்று ஸ்கிரிப்டிலேயே ஒரு முறை பார்த்துக்கொண்டால் போதாதா?” என்று கணக்குப் பிரிவில் கேட்டார்கள். போதாது. நாம் பார்த்த நொடிக்கும் அழிக்கும் நொடிக்கும் நடுவில் ஒரு கோப்பு வரலாம். இடைவெளி குறையுமே தவிர மறையாது. ஆர்எம்டிருக்கு அந்த இடைவெளியே கிடையாது. லினக்ஸ் கர்னல் மேலே உள்ள டைரக்டரியையும் நீக்கப்படும் டைரக்டரியையும் பூட்டிக்கொண்டு, பூட்டியபடியே காலியா என்று பார்த்து, பூட்டியபடியே நீக்குகிறது. அந்த நேரத்தில் புதுக் கோப்பு உருவாக்க வருபவர் காத்திருக்க வேண்டும். டைரக்டரி நீங்கிவிட்டால் 'அப்படி ஒன்று இல்லை' என்ற பதில் கிடைக்கும். பார்ப்பதும் நீக்குவதும் பிரிக்க முடியாத ஒரே செயல்.

இது எப்போதும் இப்படி இருந்ததில்லை. ஆரம்ப கால யுனிக்ஸில் டைரக்டரியை நீக்க சிஸ்டம் கால் கிடையாது. ரூட் அதிகாரத்தோடு ஓடும் ஒரு கட்டளைதான் உள்பெயர்களையும் டைரக்டரியின் பெயரையும் தனித்தனிப் படிகளாக அழித்தது. நடுவில் நின்றுபோனால் கோப்பு அமைப்பே அரைகுறையாகக் கிடக்கும், இடையில் புகுந்து ஏமாற்றவும் வழி இருந்தது. 1983இல் வந்த 4.2 பிஎஸ்டி என்ற யுனிக்ஸ் பதிப்பு டைரக்டரி உருவாக்குவதையும் நீக்குவதையும் கர்னலுக்குள்ளேயே கொண்டுபோய் ஒவ்வொன்றையும் ஒரே அழைப்பாக்கியது. அப்போது கிடைத்த பாதுகாப்பைத்தான் எங்கள் விவசாயிகளின் கணக்குக்கும் பயன்படுத்த நினைத்தோம்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதலில் எழுந்த யோசனை ஸ்கிரிப்டை விடிகாலை 3 மணிக்குத் தள்ளுவது. விட்டுவிட்டோம். மின்சாரம் 3 மணிக்கும் வரும்.

பூட்டுக் கோப்பு வைக்கலாம் என்றது அடுத்தது. பூட்டை மதிக்க இரண்டு பக்கமும் ஒப்புக்கொள்ள வேண்டும். எஸ்எஃப்டிபி வழியாக வரும் போனுக்கு அந்தப் பூட்டு தெரியாது. அதுவும் போயிற்று.

மூன்றாவது யோசனை நல்லது. அன்றைய டைரக்டரியை முதலில் வேறு பெயருக்கு மாற்றிவிட்டு, பிறகு சாவகாசமாகப் படிப்பது. பெயர் மாற்றமும் பிரிக்க முடியாத ஒரே செயல்தான். ஆனால் பாதி வந்துகொண்டிருக்கும் கோப்பும் அதோடு நகர்ந்துவிடும், போன் அதைப் பழைய பாதையில் தேடிக் குழம்பும். நகரத்து அலுவலகமாக இருந்தால் இதையே எடுத்திருப்பேன். எங்கள் மையங்களில் ஒரு கோப்பு ஏற சில சமயம் பத்து நிமிடம் ஆகும்.

கடைசியில் எடுத்தது இது. ஸ்கிரிப்ட் தொடக்கத்தில் ஒரு பட்டியல் எடுக்கும். பட்டியலில் உள்ள கோப்புகளை மட்டும் டேட்டாபேஸில் ஏற்றும், யுஎஸ்பி டிஸ்குக்கு நகல் எடுக்கும். நகலின் ஹேஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற எண்) மூலத்தோடு ஒத்துப்போனால் அந்த ஒரு கோப்பைப் பெயர் சொல்லி அழிக்கும். பட்டியலில் இல்லாததைத் தொடவே தொடாது. எல்லாம் முடிந்த பிறகு மையத்தின் டைரக்டரிக்கு ஒரு ஆர்எம்டிர், பிறகு தேதியின் டைரக்டரிக்கு ஒரு ஆர்எம்டிர். 39 வந்தால் அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகும். யாருடைய இலைக் கணக்கோ இன்னும் உள்ளே இருக்கிறது, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான் அந்த எண்ணுக்கு அர்த்தம். வேறு எந்தப் பிழை எண் வந்தாலும் ஸ்கிரிப்ட் நின்று எழுத்தருக்குச் செய்தி அனுப்பும். பழைய தேதிகளையும் ஒவ்வோர் இரவும் இதே முறையில் பார்த்துவிடும் என்பதால் கையால் ஓட்டும் வேலை போயிற்று.

பைத்தான் என்ற நிரல்மொழியில் எழுதினோம். அதில் 'ஓஎஸ்.ஆர்எம்டிர்' நேரே அந்த அழைப்புக்குப் போகும். 'எஸ்எச்யூட்டில்.ஆர்எம்ட்ரீ' என்பது 'ஆர்எம் -ஆர்எஃப்'பின் உடன்பிறப்பு. பெயர் ஒத்திருப்பதால் மாற்றிப் போட்டுவிடுவார்கள் என்று ஸ்கிரிப்டின் தலையிலேயே எழுதி வைத்தோம்.

இந்த முறையிலும் ஒரு மோதல் மீதி இருக்கிறது. போன் 'டைரக்டரி இருக்கிறது' என்று பார்த்த நொடியில் ஸ்கிரிப்ட் அதை நீக்கலாம். அப்போது போனின் முயற்சி தோற்கும். தோற்கட்டும் என்றுதான் வைத்தோம், ஏனென்றால் அந்த நேரத்தில் கோப்பு பத்திரமாகப் போனிலேயே இருக்கிறது. செயலி டைரக்டரியை மறுபடி உருவாக்கி மறுபடி அனுப்பும். கோப்பு யாரிடம் இருக்கிறதோ அவர் பக்கம் தோல்வி விழுந்தால் எதுவும் தொலையாது.

செயலியிலும் ஒரு சிறு மாற்றம் கேட்டு வாங்கினோம். கோப்பு முதலில் புள்ளியில் தொடங்கும் மறைவான தற்காலிகப் பெயரில் ஏறும். முழுதாக வந்த பிறகுதான் உண்மைப் பெயருக்கு மாறும். பாதிக் கோப்பை ஸ்கிரிப்ட் எடுத்துவிடக் கூடாது என்பதற்காக.

மாற்றிய பிறகு

முதல் இரவே நின்றுபோனது. ரூட்டை விட்டு இறக்கி ஒரு சாதாரணக் கணக்கில் ஸ்கிரிப்டை ஓடவிட்டிருந்தோம். கோப்புகள் அழிந்தன, மையங்களின் டைரக்டரிகளும் நீங்கின, தேதியின் டைரக்டரி மட்டும் பிழை எண் 13 கொடுத்தது. அனுமதி இல்லை. ஒரு டைரக்டரியை நீக்க அதன் மேல் அனுமதி இருந்து பயனில்லை, அதைத் தாங்கியிருக்கும் மேல் டைரக்டரியில் எழுதும் அனுமதி வேண்டும். 'வரவு' டைரக்டரியின் அனுமதியைச் சரிசெய்ததும் ஓடியது.

அடுத்து வந்ததுதான் நான் எதிர்பார்க்காதது. சில தேதிகள் திரையில் சிவப்பாகவே நின்றன. எழுத்தர் போன் செய்தார். “சார், ஃபோல்டரைத் திறந்து பார்த்துட்டேன், உள்ள ஒண்ணுமே இல்ல. ஆனா காலி இல்லைன்னே சொல்லுது. கையால அழிச்சுடட்டுமா?”

“அழிக்காதீங்கண்ணா, நாங்க வந்து பார்க்கறோம்” என்றோம்.

உள்ளே இருந்தவை புள்ளியில் தொடங்கும் தற்காலிகக் கோப்புகள். டைரக்டரியில் இருப்பதைப் பட்டியலிடும் சாதாரண 'எல்எஸ்' கட்டளை அவற்றைக் காட்டாது, 'எல்எஸ் -ஏ' காட்டும். கர்னலுக்கு மறைவான பெயர் என்று ஒன்று கிடையாது, புள்ளியில் தொடங்கினாலும் அது ஒரு கோப்புதான். இவற்றில் பெரும்பாலானவை சிக்னல் அறுந்து பாதியில் நின்ற முயற்சிகள், முழுக் கோப்பு பிறகு வேறு பெயரில் வந்து சேர்ந்துவிட்டிருந்தது. ஒன்று மட்டும் அப்படி இல்லை. ஒரு மையத்தின் போன் மழையில் நனைந்து கெட்டுப்போய் மாற்றியிருந்தார்கள். அந்தப் போனில் இருந்து பாதி ஏறிய கோப்புதான் அந்த நடையின் ஒரே மின்னணுச் சுவடு. ஜிப்பின் உள்ளடக்க அட்டவணை கோப்பின் கடைசியில் இருக்கும், அதனால் பாதி ஜிப் நேராகத் திறக்காது. ஆனால் ஒவ்வோர் உட்கோப்புக்கும் முன்னால் ஒரு சிறு தலைப்பு உண்டு. எடைப் பதிவு ஜிப்பில் முதலாவதாக இருந்ததால், பழுது பார்க்கும் வசதியை வைத்து அதை முழுதாக மீட்க முடிந்தது. போனது படங்கள் மட்டும். பழைய ஸ்கிரிப்டாக இருந்திருந்தால் அந்தப் பாதிக் கோப்பு அன்றிரவே துடைக்கப்பட்டிருக்கும், அந்த மையத்து விவசாயிகளும் மாதக் கடைசியில் சீட்டோடு வந்து நின்றிருப்பார்கள்.

சில மாதம் கழித்து 'வரவு' டைரக்டரியை, நெட்வொர்க் வழியே கோப்புகளைப் பகிரும் என்எஃப்எஸ் முறையில் இணைந்த ஒரு சேமிப்புப் பெட்டிக்கு மாற்றினார்கள். அங்கே புது வகைப் பிடிவாதம். சர்வரில் ஒரு நிரல் திறந்து வைத்திருக்கும் கோப்பை அதே சர்வரில் இன்னொரு நிரல் அழித்தால், என்எஃப்எஸ் அதை உடனே அழிக்காது. '.என்எஃப்எஸ்' என்று தொடங்கும் பெயருக்கு மாற்றி வைத்துக்கொள்ளும், திறந்தவர் மூடிய பிறகுதான் போகும். அதுவரை ஆர்எம்டிர் காலி இல்லை என்றே சொல்லும். கணக்குப் பிரிவின் அறிக்கை நிரல் இரவிலும் திறந்தே கிடந்தது காரணம். அதை மூடும்படி ஏற்பாடு செய்தோம். ஸ்கிரிப்டில் எதையும் மாற்றவில்லை, மறுநாள் இரவு தானாகவே நீங்கியது.

இன்னொன்றை இந்தச் சந்தர்ப்பத்தில் கண்டோம், சொல்லியே ஆக வேண்டும். தணிக்கைக்காக யாரோ யுஎஸ்பி டிஸ்கை ஒரு தேதியின் டைரக்டரிக்குள்ளேயே மவுன்ட் செய்து, அதாவது அங்கிருந்தே திறக்கும்படி இணைத்து, வைத்திருந்தார்கள். ஆர்எம்டிர் அங்கே பிழை எண் 16 கொடுத்து நின்றது, அதாவது அந்த இடம் பயன்பாட்டில் இருக்கிறது. 'ஆர்எம் -ஆர்எஃப்' அப்படி நிற்காது. வேறு டிஸ்குக்குள் போகாதே என்று தனியாகச் சொன்னால் ஒழிய, மவுன்ட் செய்த டிஸ்குக்குள் இறங்கி அதில் இருப்பதை எல்லாம் அழித்துவிட்டுத்தான் திரும்பும். அத்தனை மாதப் பிரதிகளும் அந்த ஒரே டிஸ்கில் இருந்தன.

விவசாயிகளின் கணக்கு

14 பேரில் 12 பேரிடம் சீட்டு இருந்தது. படிக்க முடியாதவற்றை மையத்தின் கைப்பதிவேட்டோடு ஒப்பிட்டார்கள். மீதி இருவரின் எடையை லாரி எடையிலிருந்து கழித்துக் கண்டுபிடிக்கலாம் என்று தோன்றும், ஆனால் நேராக வராது. மழை நாளில் மையத்தில் எடை போட்ட இலைக்கும் தொழிற்சாலை வாசலில் இறங்கும் இலைக்கும் நடுவில் சாக்கிலிருந்து நீர் வடிந்துவிடும். ஈரத்துக்கு மையத்தில் கழிப்பதும் கண் மதிப்புதான். அதே வாரத்தின் மற்ற மாலை நடைகளில் இந்த வித்தியாசம் எவ்வளவு இருந்தது என்று பார்த்து, அதே விகிதத்தை வைத்து மீதியைக் கணக்கிட்டு, இருவரும் அந்த வாரம் போட்ட இலையின் அளவுக்குத் தக்கபடி பிரித்தார்கள். இருவரையும் கூப்பிட்டு உட்கார வைத்து, கணக்கைக் காட்டி, ஒப்புதல் வாங்கிய பிறகே பாஸ்புக்கில் ஏற்றினார்கள். அடுத்த மாதப் பட்டுவாடாவில் எல்லோருக்கும் பணம் சேர்ந்தது.

எடை எழுத்தரை வேலைக்குத் திரும்ப அழைத்தார்கள், வராத நாட்களுக்கும் சம்பளம் கொடுத்தார்கள். பதிவேட்டின் அந்த இரண்டு வரிகளை அச்செடுத்து மேலாளரே அவரிடம் கொடுத்தார். ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேசியது அதனால் முழுக்கச் சரியாகிவிடாது. ஆளைச் சந்தேகிக்கும் முன் பதிவேட்டைத் திறந்து பார்த்திருக்க வேண்டும். அதற்கு அரை மணி நேரம் போதும்.

இனி மாற்ற வேண்டியவை

போன் தன் பிரதியை எப்போது அழிப்பது என்பது இன்னும் சரியாகவில்லை, எனக்கு இதுவே முதல் கவலை. சர்வரில் கோப்பு இறங்கியதும் அழிப்பது போதாது. டேட்டாபேஸில் ஏறி, நகலும் எடுத்த பிறகு சர்வர் ஒரு ஒப்புகை அனுப்ப வேண்டும், அதைப் பார்த்த பிறகே போன் அழிக்க வேண்டும். அப்படி இருந்திருந்தால் நவம்பரில் விடுபட்ட நடையைப் போனிலிருந்தே மறுநாள் எடுத்திருக்கலாம்.

ஒரே பெயரில் கோப்பு மறுபடி வருவதையும் தடுக்க வேண்டும். ஸ்கிரிப்ட் நகலைச் சரிபார்த்த பிறகு, அழிக்கும் முன், போன் அதே பெயரில் திருத்திய கோப்பை அனுப்பினால் திருத்தியது அழிந்துவிடும். கோப்பின் பெயரிலேயே போனின் எண்ணும் நொடிவரை நேரமும் சேர்த்தால் தீரும்.

பதிவேட்டை நான்கு வாரத்துக்குப் பதில் மூன்று மாதம் வைக்கச் சொல்லியிருக்கிறோம். இலைப் பணம் மாதத்துக்கு ஒரு முறை கணக்காவதால், புகார் வருவதற்கே நான்கு வாரம் ஆகிவிடும். ஸ்கிரிப்டின் செய்திகள் இப்போது தேதிவாரியாக ஒரு கோப்பில் சேர்கின்றன. எழுத்தர் காலையில் முதல் வேலையாக அதைத்தான் திறக்கிறார்.

ஒப்புகை முறை இப்போது இரண்டு மையங்களில் சோதனையில் ஓடுகிறது. மற்ற மையங்களின் போன்களிலும் அடுத்த வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன் ஏற்றிவிட வேண்டும் என்று தொழிற்சாலையோடு பேசி முடித்திருக்கிறோம்.